வெயிட்டண்ணன்

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்பு மேடைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே விரலளவு இருக்கும் இடுக்கில் நீளக் கம்பியை விட்டுக் குடைகிறார். காய்ந்த மண் பொரிப்பொரியாக மேலே வருகிறது. நேற்று ஏறி இறங்கிய லாரிகளின் டயர்கள் விட்டுப்போனது. அது உள்ளே தங்கி மேடைக்கு முட்டுக் கொடுத்துவிட்டால், முப்பது டன் லாரியை இருபத்தொன்பது என்று தராசு கூசாமல் சொல்லும். "மேல கிடக்குற தூசு ஒண்ணும் பண்ணாது. அடியில இருக்குற மண்ணுதான் மானத்த வாங்கும்" என்பது அவர் தொழிலறிவு. கம்பி ஒரு கணக்கில் போய் வருகிறது. மூன்று குத்து, ஓர் இடைவெளி, இரண்டு குத்து. இடது காதில் இயர்போன். வலது காது லாரிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதில் பாட்டு நுழைய அனுமதியில்லை.

வயது ஐம்பத்திரண்டு. எடை மேடை வேலையில் பத்தொன்பது வருஷம். எட்டடிக்கு ஆறடி அறை. மேடையைப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மைக், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி, சீட்டு அடிக்கும்போது பல் கூச வைக்கும் ஒரு அச்சு இயந்திரம். நூல் கட்டிய பேனா ஒன்று உண்டு. நூல் கட்டாத பேனாக்கள் எல்லாம் டிரைவர்களோடு தேசாந்திரம் போய்விட்டன. லாரி மேடையில் ஏறி நின்றதும் அவர் மைக்கில் சொல்வது இரண்டே சொல்: "ஆள் இறங்கு!"

டிரைவரும் கிளீனரும் கீழே இறங்கினால்தான் எடை போடுவார்.

"நான் அம்பது கிலோதான்க்கா" என்று ஒரு டிரைவர் கெஞ்சுவார்.

"அம்பது கிலோவுக்கு இவ்வளவு பேச்சா? நீ சரக்கு இல்லப்பா. இறங்கு."

சாந்தமான முகம். மெல்லிய குரல், மைக் இல்லாதபோது. அறையில் ஒரு துணிப்பையும் மடித்த துண்டும் எப்போதும் இருக்கும். பார்ப்பவர்கள் அந்த இயர்போனில் ஏதோ பக்திப் பாட்டு ஓடுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஓடுவது, நான்கு முரட்டு ஆசாமிகள் கிட்டாரைத் தரையில் அடித்து உடைக்கும் ராக் இசை.

இந்தப் பழக்கம் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தொற்றியது. தொலைதூரத்திலிருந்து வந்த ஒரு லாரி மேடையில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிவிட்டார், உள்ளே ஓடிய பாட்டை அணைக்கவில்லை. சிவப்புப் பெட்டியில் எண்கள் நிலைகொள்ளாமல் துள்ளின. டிரம் விழும்போது பத்து கிலோ கூடுகிறது, ஓயும்போது குறைகிறது. சீட்டு அடிக்காமல் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டுக்கு எடை உண்டு என்பதை உலகில் கண்ணால் கண்ட ஒரே ஆள் தான்தான் என்பது அவர் கட்சி.

பள்ளிக்கூட அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அவர் கணவர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

"எஞ்சின் ஓடியிருக்கும்மா."

"அணைச்சுட்டுத்தான் இறங்கினான்."

"அப்ப காத்து."

"காத்து தாளம் போடுமா?"

இந்த வழக்கு அந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக நிலுவையில் இருக்கிறது. மனிதர் நல்லவர், மெல்லிசைக்காரர். மனைவி கேட்கும் இசைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஆக்சிடென்ட்'. வேலை முடிந்து வருகிறவரிடம், "இன்னிக்கு எத்தனை வண்டி மோதிக்கிச்சு?" என்று கேட்பார். எத்தனை புதுப் பாட்டு கேட்டாய் என்று அர்த்தம்.

கேட்டதைச் சொல்லிச் சண்டை போட அவருக்கு ஆள் இல்லாமல் இருந்தது. லாரிக்காரர்கள் சண்டை போடுவார்கள். ஆனால் அது கிலோவுக்கான சண்டை. வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன் மகள் ஒரு காரியம் செய்தாள். அம்மாவின் போனில் 'காதடைப்பு' என்ற குழுவைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். ராக் பாட்டுக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கொரு பாட்டைப் போட்டுவிட்டு அடித்துக்கொள்ளும் இடம். அந்த நாற்பத்து மூன்றில் அடியேனும் ஒருவன்.

குழுவை நடத்துகிறவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். நாள் முழுக்க அவர் கத்தும் சொல்லே பட்டப்பெயராகிவிட்டது: கிளட்ச். புதிதாக வந்தவரின் படம் மேடைமேல் நிற்கும் நீல லாரி, பெயர் 'எடை மேடை'. கிளட்ச் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வாங்க வெயிட்டண்ணே!" என்று எழுதினார். கீழே நாற்பது பேர் வரிசையாக "வணக்கம்ணே", "வாங்கண்ணே".

நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். மறுநாள் ஒரு பாட்டைப் பற்றி எழுதினார், அதற்கு மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். சண்டைக்கு நடுவே போய் எப்படித் திருத்துவது? அப்படியே நான்கு வருஷம் ஓடிவிட்டது. இதில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவருக்குத் துணை நின்றது தமிழ் இலக்கணம். கேட்டேன், அழுதேன், சிரித்தேன் என்று தன்மையில் எழுதுகிற வரைக்கும் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுப்பதில்லை. லாரி ஹாரன் காரணமாகக் குரல் பதிவு போடமாட்டார். "டேய்" போடுவார், அதுபோதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

அவர் பாட்டை எடைபோடும் விதம்தான் அவரை எங்களுக்கு அண்ணனாக்கியது. லாரிக்கு மூன்று எடை: மொத்த எடை, வண்டி எடை, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சரக்கு எடை. பாட்டுக்கும் அதே. கிட்டாரின் அலறல், டிரம்மின் இடி, பாடகரின் தலைமுடி எல்லாம் வண்டி. "அதையெல்லாம் இறக்கிட்டு, மறுநா காலைல பல் விளக்கும்போது என்ன மிச்சம் இருக்கோ அதான்டா சரக்கு" என்று எழுதினார். பாட்டுகளின் பெயர்களிலும் அவருக்கு அக்கறை இல்லை. அந்நிய மொழி வரிகள் காதில் எந்தத் தமிழாக விழுகின்றனவோ அதுவே பெயர். இரும்புக்கடை என்று நாங்கள் அழைக்கும் ஒரு கூட்டத்தின் பிரபலமான பாட்டு அவருக்கு 'யாரு தொறந்தா'. இப்போது எங்கள் எல்லாருக்குமே அது 'யாரு தொறந்தா'தான். உண்மைப் பெயரைச் சொன்னால் குழுவில் யாருக்கும் புரியாது.

அந்தப் பாட்டுக்குத்தான் பெரிய சண்டை. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் ஒருவர் குழுவில் உண்டு. பட்டப்பெயர் வேறென்ன, ரத்தம். அவருக்கு 'யாரு தொறந்தா' உயிர்.

"மொத்தம் முப்பது டன். வண்டி இருபத்தெட்டு. சரக்கு ரெண்டு" என்று வெயிட்டண்ணன் சீட்டு கிழித்தார்.

"ரெண்டா? உங்க தராசுக்கு அடியில மண்ணுண்ணே!" என்றது ரத்தம்.

தற்செயலாகச் சொன்னதுதான். எடை மேடைக்காரரை இதைவிடக் கேவலப்படுத்த ஒரு சொல் கிடையாது என்று அவருக்குத் தெரியாது. இவர் அன்றைக்கு மேடையைச் சுற்றி இரண்டு தடவை குடைந்தார். ஆனால் சந்தோஷமாக இருந்ததாம். "நம்ம தொழிலயே தொட்டுப் பேசுறான் பாருங்க" என்று கணவரிடம் காட்டினார். அதன்பின் மாதம் ஒரு தடவையாவது அந்தச் சண்டை வரும். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்போம்.

இடையில் ரத்தத்தின் மனைவி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ரத்தம் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "அண்ணே, ஆம்பளைக்கு ஆம்பளை சொல்றேன். வீட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு." இவர் வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்தார். புத்திமதி எதுவும் எழுதவில்லை. ஒரு பாட்டை அனுப்பி, கீழே எடை மட்டும் போட்டார்: "சரக்கு பதினாறு டன். மெதுவா இறக்குடா." மறுநாள் இன்னொன்று. இப்படி நாற்பத்தொரு நாள். நாற்பத்திரண்டாம் நாள் மனைவி திரும்பி வந்துவிட்டார். பாட்டு கேட்டு யாரும் திரும்பி வருவதில்லை, அவருக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் அந்த நாற்பத்தொரு நாள் வீட்டுக்குள் போகத் தனக்கு ஒரு துணை இருந்தது என்பதை ரத்தம் மறக்கவில்லை.

போன வருஷம் கிளட்ச் அறிவித்தார்: எல்லாரும் நேரில் சந்திக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, டிரைவிங் ஸ்கூல் மாடி. "வெயிட்டண்ணன் வரலன்னா வீடு புகுந்து தூக்குவோம்."

அன்று வீட்டில் நடந்த பேச்சை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"போகல. நாலு வருஷமா ஏமாத்தியிருக்கேன்னு நினைப்பாங்க."

"நீ எங்க ஏமாத்தின? அவங்களா நினைச்சாங்க."

"மத்தவங்கள விடுங்க. ரத்தம் என்ன நினைப்பான்? ஆம்பளைக்கு ஆம்பளைன்னு எழுதினானே."

"அதுக்கு நீ என்ன பதில் போட்ட?"

"பாட்டு போட்டேன்."

"பாடினது ஆம்பளையா, பொம்பளையா?"

"வெறும் கிட்டாருங்க."

கணவர் ஆய்வகத்துக்காரர், சான்றுகளைப் பரிசீலித்தார். "அப்ப தப்பில்ல. கிளம்பு. நானும் வரேன்."

வந்தார்கள். மாடிப்படி அடியில் அவருக்குச் செருப்பு வார் திடீரென்று தொந்தரவு கொடுத்தது. குனிந்து அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார், சரிசெய்துகொண்டே இருந்தார். கணவர் முன்னால் ஏறிவிட்டார். கதவில் ஒரு நடுவயது ஆண் தலை தெரிந்ததும் அறை வெடித்தது.

"வெயிட்டண்ணே!"

கிளட்ச் பாய்ந்து கட்டிப்பிடித்தார். வரிசையாகப் பதினேழு பேர் கட்டிப்பிடித்தோம். அடியேனும் பிடித்தேன், ஒல்லியான ஆள், ஆய்வக ஸ்பிரிட் வாசனை. 'ஒலி எழுப்பாதீர்' என்ற போக்குவரத்துக் குறிப் படத்துக்கு நேர் கீழே, அண்ணனுக்கென்று யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்த மெத்தை நாற்காலி. அதில் அவரைத் தள்ளி உட்கார வைத்தோம். பின்னால் வந்தவரைப் பார்த்து கிளட்ச், "வாங்க அண்ணி, நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றார்.

இப்படியாக அவர் தனக்குத் தானே அண்ணியானார்.

ஃபேனுக்குக் கீழே பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். கணவர் மெத்தை நாற்காலியிலிருந்து மனைவியைப் பார்த்தார். கண்ணாலேயே கேள்வி: என்ன செய்யட்டும்? உண்மையில் வழி திறந்துதான் இருந்தது. இரண்டு மணி நேரம் அவர் அண்ணனாக இருந்துவிட்டால் போதும், குட்டு அப்படியே பத்திரம். "அந்த மனுஷன் தயாராத்தான் இருந்தாரு. ஆக்சிடென்டயே ஏத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு பாவம். நான் அண்ணியாவே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்" என்று பின்னால் சொன்னார்.

ரத்தம் எழுந்து வந்தார். முப்பத்துநான்கு வயது, மெலிந்த உடம்பு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கணவரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். "அண்ணே, அந்த நாப்பத்தொரு நாள்..." ஊசிக்காக ஊராருக்குத் தைரியம் சொல்கிற வாய் கோணிக்கொண்டது.

கணவருக்கு ஒரு பாட்டு போட்டது மட்டும்தான் தெரியும், நாற்பத்தொரு நாள் கதை தெரியாது. அதை மனைவி அவரிடம்கூடச் சொன்னதில்லை. "பரவாயில்ல தம்பி. இப்ப நல்லா இருக்கீங்கல்ல?" என்றார். அந்த 'ங்க' எங்களில் சிலருக்கு உறுத்தியது. அண்ணன் எப்போதும் 'டா' அல்லவா? ஃபேனுக்குக் கீழே இருந்தவர், தனக்கு வரவேண்டிய நன்றி நான்கடி தள்ளி வேறொரு கையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிண்ணே, இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்" என்று ரத்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேர்ல கேட்டுட்டுச் சொல்லுங்க."

பெரிய ஸ்பீக்கரில் 'யாரு தொறந்தா' எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுவரிலிருந்த 'வளைவு உள்ளது' ஒருபக்கமாகச் சாய்ந்தது. முதல் கிட்டார் அலறலிலேயே மெத்தை நாற்காலி வெயிட்டண்ணன் இரண்டு காதிலும் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டார். கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். அறையில் பதினேழு பேர் வாய் பிளந்து பார்த்தோம். பாட்டு முடிந்தது.

"எத்தனைண்ணே?"

கணவர் விரலை எடுத்தார். "நல்லா... சத்தமா இருந்துச்சு தம்பி."

அப்போது ஃபேனுக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமலே மைக்கில் வருகிற குரல்.

"மொத்தம் முப்பது. வண்டி இருபத்தெட்டு. சரக்கு ரெண்டு டன். நாலு வருஷமா சொல்றேன், ஏத்துக்கவே மாட்டேங்கிறியேடா!"

தலைகள் திரும்பின. கிளட்ச்தான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணி... நீங்களும் கேப்பீங்களா?"

"நான்தான்டா கேப்பேன். இவரு காதை மூடிப்பாரு."

"ஆமா தம்பி" என்றார் கணவர், பாரம் இறங்கியவராக. "எனக்கு இது ஆக்சிடென்ட் மாதிரி."

அறை சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தோம். ரத்தம் சிரிக்கவில்லை. தப்பான ஆளைப் பற்றியிருந்த தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். "தம்பி" என்று ஃபேனுக்குக் கீழேயிருந்து இவர் கூப்பிட்டது ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது என்று நாங்கள் சொன்னோம். கேட்டிருக்கும் என்று இவருக்குத் தெரியும்.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். குழுவில் யாரும் அவரைக் கோபிக்கவில்லை. எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள், அதுதான் வினையாகப் போயிற்று. அவர் அண்ணனாக இருந்த வரைக்கும் "தூக்கிப் போடுங்கண்ணே உங்க தராச" என்றவர்கள், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். "சாப்டீங்களாக்கா?" என்றார்கள். அவர் எடை போட்ட பாட்டுக்கெல்லாம் கீழே இதயம் போட்டார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

ரத்தத்துக்குத் தினமும் ஒரு பாட்டு தனியாக அனுப்பினார். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழும். பதில் வராது. குழுவிலும் ரத்தம் வாய் திறக்கவில்லை. "நாப்பத்தொரு நாள் அனுப்புவேன். அதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று கணவரிடம் சொன்னார். கணவர் ஆய்வகத்துக்காரர் அல்லவா, காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். 'இன்னிக்கு எத்தனை வண்டி' என்று கேட்பதை நிறுத்தியிருந்தார்.

முப்பத்தேழாம் நாள் இவர் ஒரு காரியம் செய்தார். பல் டாக்டர் அறையில் காத்திருக்கும்போது ஓடுமே, அப்படி ஒரு சப்பை மெட்டு. அதைக் குழுவில் போட்டார். கீழே எழுதினார்: "மொத்தம் நாப்பத்தொண்ணு. வண்டி ஒண்ணு. சரக்கு நாப்பது டன்." பத்தொன்பது வருஷத்தில் அவர் அடித்த முதல் பொய்ச் சீட்டு.

"செம அக்கா."

"சூப்பர்க்கா, மனசத் தொட்டுச்சு."

முப்பத்தொரு இதயம். வெட்கத்துடன் சொல்கிறேன், அதில் ஒன்று என்னுடையது. அவர் போனை அணைத்து, மேசை இழுப்பறையில் முத்திரை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்.

மறுநாள் பதினொரு மணி. மேடைக்குமுன் நான்கு லாரிகள் வரிசையில் நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைந்து ஒரு ஸ்கூட்டர் மேடையில் ஏறி நின்றது. பின்னால் ரத்த மாதிரிகள் வைக்கும் வெள்ளைப் பெட்டி. சிவப்பு எண்கள் நூற்றுத் தொண்ணூறு என்று காட்டின.

"ஆள் இறங்கு!" என்றார் இவர் மைக்கில், பழக்க தோஷம். பிறகுதான் யாரென்று பார்த்தார்.

ஆள் இறங்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. பின்னால் லாரி ஹாரன் அடிக்க, அதற்கும் மேலே கத்தினார்.

"நாப்பது டன்னா? அந்த எழவு நாப்பது டன்னா? 'யாரு தொறந்தா' ரெண்டு, இது நாப்பதா? எழுதக் கை கூசலையாண்ணே உங்களுக்கு?"

"யார்றா இவன், அக்காவைப் போயி அண்ணேங்கிறான்" என்றார் லாரி டிரைவர் ஒருவர்.

"நீங்க சும்மா இருங்க சார், இது எங்களுக்குள்ள!" ரத்தம் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். "தராசுக்கு அடியில மண்ணுண்ணே! நாலு வருஷமாச் சொல்றேன்!"

ஜன்னல் சாத்திக்கொண்டது. ரத்தம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மேடைமேல் நின்றார். அறையின் பக்கக் கதவு திறந்தது. இவர் கையில் நீளக் கம்பியோடு வெளியே வந்தார். ரத்தத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடுக்கில் கம்பியை விட்டுக் குடையத் தொடங்கினார். மூன்று குத்து, ஓர் இடைவெளி, இரண்டு குத்து. காலையில் ஒரு தடவை சுத்தம் செய்த இடுக்கு. துளி மண் வரவில்லை. லாரிகள் நான்கும் ஹாரன் அடிக்க, குனிந்த தலை நிமிராமல் அவர் குடைந்துகொண்டே இருந்தார்.